நியூ மெக்சிகோவில் முதல் கிரீன் சிலி மூட்டை: வாங்குவது முதல் ஃப்ரீசர் வரை

ஆகஸ்ட் பாதியில் ஆல்புகர்க்கிக்கோ லாஸ் க்ரூசெஸுக்கோ குடிவந்தவர்களுக்கு அந்த வாசனையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கடைகளின் கார் நிறுத்துமிடங்களில் மிளகாய் சுடும் கம்பி உருளைகள் சுழலும். கிரீன் சிலி என்று இங்கே சொல்லும் பச்சை மிளகாயின் தோல் கருகும் மணம் இரண்டு தெரு தாண்டியும் வரும். 2023-இல் இந்த மாநிலம் இதைத் தன் அதிகாரப்பூர்வ மணமாகச் சட்டம் போட்டே அறிவித்தது. லாஸ் க்ரூசெஸைச் சேர்ந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டு வந்த சட்டம் அது.

மணத்தை முகர்ந்ததும் ஒரு மூட்டை வாங்கிவிடத் தோன்றும். வாங்குங்கள், கட்டாயம் வாங்குங்கள். ஆனால் புதிதாக வருகிறவர்களிடம் யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. மிளகாயைச் சுடுவது பத்து நிமிட வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஏற்பாடும், பின்னால் வரும் அரை நாள் உழைப்பும்தான் அந்த மூட்டை ஒரு வருடத்துக்கு உதவுமா, மூன்றே நாளில் குப்பைக்குப் போகுமா என்பதை முடிவு செய்கின்றன. தட்டுத்தடுமாறி, கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டதை வரிசையாகத் தருகிறேன். நீங்கள் அலைய வேண்டாம்.

1. முதலில் ஃப்ரீசரைத் திறந்து பாருங்கள்

இந்த மிளகாய் நம் ஊர் பச்சை மிளகாய் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், தடித்த சதை, கனம். பொதுவாக விற்கும் மூட்டை அல்லது பெட்டி 25 பவுண்டு, அதாவது 11 கிலோவுக்கு மேல். பெரிய சாக்கு 35 முதல் 40 பவுண்டு வரை இருக்கும். சுட்டு, தோல், காம்பு, விதை எல்லாம் போனபின் அளவு நன்றாகவே குறையும். அப்படியும் சாதாரண ஃப்ரிட்ஜின் மேல்தட்டு ஃப்ரீசருக்கு ஒரு மூட்டை பெரிய சுமைதான்.

இட்லி மாவும் உறைந்த பரோட்டாவும் துருவிய தேங்காயும் ஏற்கெனவே அடைத்துக்கொண்டிருந்தால், அவற்றைத் தீர்த்துவிட்டு மிளகாய்க்குப் போங்கள். இல்லையென்றால் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு மூட்டை வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வருடத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். தோல் உரிக்கவும் கை கூடும்.

வாங்கப் போகும் முன்பே வீட்டில் இருக்க வேண்டியவை: ஃப்ரீசருக்கான ஜிப் பைகள் (கால் லிட்டர், அரை லிட்டர் பிடிக்கும் சிறிய பைகள் நல்லது), நைட்ரைல் கையுறை ஒரு பெட்டி, அகலமான தட்டுகள், அழியாத மை பேனா. காரில் ஒரு கூலர் பெட்டி. எல்லாம் சேர்த்து, கூலர் நீங்கலாக, இருபது டாலருக்குள் முடிந்துவிடும்.

2. எந்த வாரம் வாங்குவது

ஜூலை கடைசியிலேயே முதல் மூட்டைகள் வந்துவிடும். ஆசையாக இருந்தாலும் பொறுங்கள். முதல் பறிப்பில் சதை மெல்லிசாக இருக்கும், சுடும்போது தோலோடு சேர்ந்து கருகிவிடும். ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை நல்ல காலம். காய் முற்றியிருக்கும், சதை தடித்திருக்கும்.

செப்டம்பர் பிற்பகுதியில் மூட்டைக்குள் ஆங்காங்கே சிவப்பு எட்டிப்பார்க்கும். அதைக் கெட்டுப்போனது என்று நினைத்து ஒதுக்காதீர்கள். செடியிலேயே பழுக்கத் தொடங்கிய காய், இனிப்பு ஏறியிருக்கும். பச்சையும் சிவப்பும் கலந்து சுட்டால் வரும் ருசி தனி. எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி வாரங்களின் மூட்டைதான். அக்டோபரில் பெரும்பாலான இடங்களில் உருளைகளை மூடிவிடுவார்கள், அதற்குள் வாங்கிவிட வேண்டும்.

நாளின் நேரமும் முக்கியம். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போனால் வரிசையில் நிற்பதே வேலையாகிவிடும். வார நாளில் காலையில் போனால் கூட்டமும் இருக்காது, வெயிலும் ஏறியிருக்காது. இன்னொரு காரணமும் உண்டு: சுட்டு வாங்கிய நாளிலேயே வேலையை முடிக்க வேண்டும். மாலை ஆறு மணிக்குச் சுட்டு வாங்கினால் நள்ளிரவு வரை உரித்துக்கொண்டிருப்பீர்கள்.

3. எங்கே வாங்குவது, என்ன காகிதம் கையில் வேண்டும்

மூன்று வழிகள் உண்டு. பெரிய மளிகைக் கடைகள் வாசலிலேயே உருளை வைத்திருக்கும், அங்கே வாங்கிய மிளகாயை மட்டும் சுட்டுத் தரும். சாலையோரச் சிலிக் கடைகளில் ரகம் கேட்டு வாங்கலாம், பேசவும் ஆள் இருக்கும். உழவர் சந்தையில் விளைவித்தவரிடமே வாங்கலாம், ஆனால் எல்லாச் சந்தையிலும் சுட்டுத் தர மாட்டார்கள்.

நேராக ஹேட்சுக்கே போக வேண்டும் என்று சிலருக்கு ஆசை வரும். சிலிக்குப் பேர்போன, ரியோ கிராண்டே ஆற்றோரத்துச் சின்ன ஊர் அது. ஆல்புகர்க்கியிலிருந்து இன்டர்ஸ்டேட் 25-இல் தெற்கே சுமார் மூன்று மணி நேரம், லாஸ் க்ரூசெஸிலிருந்து வடக்கே ஏறத்தாழ 40 மைல். செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டிய வார இறுதியில் அங்கே சிலித் திருவிழா நடக்கும். திருவிழா பார்க்க அந்த நாளில் போங்கள். மூட்டை வாங்க மட்டும் என்றால் வேறு நாள் பாருங்கள்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை, விசாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு. லாஸ் க்ரூசெஸிலிருந்து வடக்கே ஹேட்சை நோக்கி வரும் இன்டர்ஸ்டேட் 25-இல் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடி உண்டு. நாட்டின் எல்லையைத் தாண்டாவிட்டாலும் அங்கே நிறுத்திக் குடியுரிமை பற்றிக் கேட்பார்கள். 18 வயது நிரம்பிய, குடிமகன் அல்லாதவர்கள் தங்கள் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கிரீன் கார்டு இருந்தால் அந்த அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். எச்-1பி வேலை விசா என்றால் பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் வந்ததன் பதிவு) அச்சுப்படி, ஐ-797 (ஒப்புதல் அறிவிப்பு). மாணவர் என்றால் பாஸ்போர்ட், ஐ-94, கல்லூரி தரும் ஐ-20. மாநில ஓட்டுநர் உரிமம் மட்டும் போதும் என்று கிளம்பாதீர்கள். அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருந்து அவர்களையும் கூட்டிப்போனால் அவர்கள் பாஸ்போர்ட்டையும் ஐ-94-ஐயும் மறக்க வேண்டாம். மிளகாய் வாங்கும் பயணத்துக்கு இதெல்லாம் எதற்கு என்றுதான் தோன்றும், ஆனால் சாவடியில் அந்தக் கேள்வி எல்லோருக்கும் வரும்.

அடுத்து, மிளகாயின் சொந்த ஊர். எல்லாப் பலகையிலும் "ஹேட்ச்" என்றுதான் எழுதியிருக்கும். இந்த மாநிலத்தில் விளையாததை நியூ மெக்சிகோ சிலி என்று சொல்லி இங்கே விற்கக் கூடாது என 2011 முதல் சட்டம் இருக்கிறது. அதனால் தயங்காமல் கேளுங்கள்: எந்த ஊர், எந்தப் பண்ணை? நேர்மையான கடைக்காரர் உடனே சொல்வார். பெட்டியிலோ சாக்கிலோ ஊர் பெயர் அச்சிட்டிருக்கும், அதையும் படித்துவிடுங்கள். ஹேட்ச் இல்லை, லெமிட்டார் அல்லது டெமிங் என்று பதில் வந்தால் கவலை வேண்டாம். அவையும் இந்த மண்ணின் நல்ல மிளகாய்தான்.

4. காரம்: தமிழர்கள் சறுக்கும் இடம்

மைல்ட், மீடியம், ஹாட், எக்ஸ்ட்ரா ஹாட் என்று எழுதி வைத்திருப்பார்கள். "நாம் பார்க்காத காரமா" என்று நேராக எக்ஸ்ட்ரா ஹாட் மூட்டைக்குப் போகிறவர்கள் நம்மில் அதிகம். காரம் தாங்குமா என்பது இங்கே கேள்வியே இல்லை. நம் சமையலில் மிளகாய் தாளிப்பில் இரண்டு, அரைப்பில் நான்கு என்று போகும். இங்கே மிளகாய்தான் காய்கறி. ஒரு கிண்ணம் ஸ்ட்யூவில் நான்கைந்து மிளகாயின் சதை இருக்கும். அவ்வளவு சாப்பிட வேண்டுமென்றால் காரம் குறைவாக இருந்தால்தான் சுட்ட மணமும் இனிப்பும் நாக்குக்குத் தெரியும்.

முதல் மூட்டை மீடியமாக இருக்கட்டும். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் மைல்டும் மீடியமும் பாதிப் பாதி. ஹாட் வேண்டுமென்றால் தனியாகச் சில பவுண்டு வாங்கிக் கலந்துகொள்ளலாம்.

ரகப் பெயர்கள் தெரிந்திருந்தால் பேச எளிது. பிக் ஜிம் மிக நீளமானது, நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகம் 1975-இல் வெளியிட்டது. சதைப்பற்று அதிகம், உள்ளே அடைத்துப் பொரிக்கும் ரெயேனோவுக்கு ஏற்றது. காரம் மீடியம் என்றாலும் ஒரே மூட்டையில் காய்க்குக் காய் மாறும். சாண்டியா அதைவிடக் காரம். பார்க்கர், லும்ப்ரே என்ற பெயர்களைக் கேட்டால் உண்மையிலேயே காரமானவை என்று புரிந்துகொள்ளுங்கள். செடி தண்ணீருக்குத் தவித்த வருடத்தில் எந்த ரகமும் வழக்கத்தைவிடக் காரமாகவே வரும். அதனால் பலகையை முழுக்க நம்பாமல், ஒரு காயைக் கீறி உள்ளே இருக்கும் வெள்ளை நரம்பின் நுனியை ருசி பார்க்க முடியுமா என்று கேளுங்கள். காரம் இருப்பது விதையில் இல்லை, அந்த நரம்பில்தான்.

5. மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதும் விலையும்

காய் பளபளவென்று, இறுக்கமாக, கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும். வளைந்து நெளிந்த காய்களில் தீ சமமாகப் படாது. மடிப்புக்குள் தோல் வேகாமல் நிற்கும், பிறகு அதைச் சுரண்டி எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். நேராக, தட்டையாக உள்ளவை நிறைய இருக்கும் மூட்டையாகப் பாருங்கள். சாக்கின் அடியில் கையை விட்டுப் பாருங்கள், அடியில் ஈரமும் நசுங்கலும் இருந்தால் வேறு மூட்டை கேளுங்கள்.

விலை வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கும். 25 பவுண்டு மூட்டைக்கு 30 முதல் 45 டாலர் வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் சுடும் கூலி அதிலேயே அடங்கும், சில இடங்களில் தனியாகச் சில டாலர். பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். சாலையோரக் கடைகளில் அட்டை எடுக்காமல் போகலாம், ரொக்கம் வேண்டும். அந்த வெயிலில், அந்த அனலின் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிற தொழிலாளிக்கு இரண்டு மூன்று டாலர் டிப்ஸ் கொடுங்கள்.

கடையில் தரும் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். பல இடங்களில் ரசீதையோ எண் சீட்டையோ காட்டினால்தான் சுடுவார்கள்.

6. உருளைக்குப் பக்கத்தில்

கம்பி வலையால் ஆன பெரிய உருளை, பக்கவாட்டில் புரொப்பேன் எரிவாயு அடுப்புகள். மூட்டையை உள்ளே கொட்டிச் சுழற்றுவார்கள். கையால் சுற்றுவதும் உண்டு, மோட்டாரும் உண்டு. தீ சீறும் சத்தத்தில் பேச்சு கேட்காது. முதலில் பச்சைப் புல் மணம் வரும். அது பச்சைக் குடைமிளகாயிலும் இருக்கும் அதே மணம்தான். பிறகு தோல் வெடிக்கும் படபட சத்தம். அதன்பின் கருகலும் இனிப்பும் கலந்த மணம் எழும். அந்த மணம் வரும்போது கொஞ்சம் நெருங்கி நில்லுங்கள். வாங்கிய பணத்தில் பாதி இதற்கே சரியாகப் போகும் என்று நான் மனதார நினைக்கிறேன். காற்று உங்கள் பக்கம் திரும்பினால் மட்டும் கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அன்று கண்ணாடியோடு போவது நல்லது.

எவ்வளவு சுட வேண்டும் என்று அவர்களாகவே கேட்பார்கள். தோல் முழுக்கக் கொப்பளித்து, பெரும்பகுதி கருத்திருக்க வேண்டும். "கொஞ்சமாகச் சுட்டால் போதும்" என்று சொல்லிவிட்டால் உரிக்கும்போது தோல் சதையைப் பிடித்துக்கொண்டு வராது. அதேபோலக் காய் கரியாகிச் சாம்பலானால் சதையே இருக்காது. பாதியிலேயே உருளை நின்றால், கீழ்ப்பக்கமும் பச்சையாக இல்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சுட்டதை ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் கொட்டிக் கட்டித் தருவார்கள். கொதிக்கக் கொதிக்க இருக்கும், கருஞ்சாறு கசியும். கார் இருக்கையில் வைக்க வேண்டாம், கூலர் பெட்டிக்குள் வையுங்கள். அப்படியும் காருக்குள் மணம் பல நாள் நிற்கும்.

7. இரண்டு மணி நேரக் கணக்கு

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

மூடிய பைக்குள் தன் ஆவியிலேயே வேர்க்கும்போது தோல் கழன்று வரும், அது நல்லது. ஆனால் அந்த வெதுவெதுப்பில் கிருமிகளும் வேகமாகப் பெருகும். சுட்டதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் மிளகாய் ஃப்ரிட்ஜுக்கோ ஃப்ரீசருக்கோ போயாக வேண்டும். வழியில் வேறு கடைக்குப் போவது, நண்பர் வீட்டில் உட்கார்ந்துவிடுவது, மூட்டையைக் காரிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது எல்லாம் அன்று வேண்டாம். ஹேட்சிலிருந்து ஆல்புகர்க்கி மூன்று மணி நேரம். அங்கே சுட்டு வாங்கினால் பனிக்கட்டி நிறைந்த கூலர் அவசியம். அல்லது அங்கே பச்சையாக வாங்கி இங்கே கூலி கொடுத்துச் சுடலாம், மற்ற இடத்து மிளகாயையும் சுடும் கடையை முன்கூட்டியே விசாரித்து வைத்தால்.

வீட்டுக்கு வந்ததும் பையை அவிழ்த்து, அகலத் தட்டுகளில் பரப்பி ஆறவிடுங்கள். அன்றே உரிக்க முடியாது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. தோலோடு அப்படியே சிறு பைகளில் போட்டு உறைய வைத்துவிடலாம். உறைந்து இளகிய காயில் தோல் இன்னும் எளிதாகவே கழன்று வரும். வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான்.

8. தோல் உரிப்பது

தணலில் சுட்ட கத்தரிக்காயை உரித்த கை இந்த வேலைக்குப் பழகிய கைதான், கையுறை மட்டும் கூடுதல். கையுறை இல்லாமல் ஒரு மூட்டையை உரித்தால் இரவு முழுக்க விரல் எரியும். சோப்பு போட்டால் மட்டும் போகாது. காரத்தின் வேதிப்பொருள் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் எரிந்தால் முதலில் சமையல் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். கண்ணையும் குழந்தைகளையும் தொடும் முன் இரண்டு முறை கழுவுங்கள்.

குழாய்த் தண்ணீரில் காட்டி உரிக்காதீர்கள். வேகமாக வேலை முடியும், ஆனால் சுட்ட மணம் அத்தனையும் தண்ணீரோடு போய்விடும். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து விரலை மட்டும் நனைத்துக்கொள்ளுங்கள். அங்கங்கே ஒட்டியிருக்கும் கருப்புத் துணுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். காம்பைப் பிடித்து இழுத்தால் விதைக் கொத்தும் கூடவே வரும்.

9. பைகளும் எழுத்தும்

ஒரு வேளைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் ஒரு பை. பெரிய பையில் மொத்தமாக உறைந்தால் உடைத்தெடுக்க முடியாது. தட்டையாகப் பரப்பி, காற்றை வெளியேற்றி மூடி, வருடமும் காரமும் எழுதி அடுக்குங்கள். ஃப்ரீசரில் ஒரு வருடம் வரை ருசி நிற்கும். உறைய வைக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்தது மூன்று நான்கு நாளைக்குள் தீர வேண்டும்.

ஊறுகாய் போடுகிற நம் பழக்கம் இங்கே ஆபத்தாகலாம். சுட்ட மிளகாயைப் பாட்டிலில் அடைத்து எண்ணெய் ஊற்றிச் சமையலறை மேடையில் வைக்காதீர்கள். புளிப்பு குறைந்த காய், மேலே காற்றுப் புகாத எண்ணெய். உயிருக்கே ஆபத்தான பொட்டுலிசம் நஞ்சு உருவாக இதுவே போதும், பார்வையிலோ வாசனையிலோ அது தெரியாது. தொக்காகச் செய்தாலும் ஃப்ரிட்ஜில் வைத்து சில நாளில் முடித்துவிடுங்கள், மீதியை உறைய வையுங்கள்.

சமையலுக்குச் சொல்ல வேண்டியது குறைவு. உருளைக்கிழங்கோடு ஸ்ட்யூ, முட்டை, தோசைமேல் சீஸோடு, வெங்காயமும் உப்பும் சேர்த்து நசுக்கித் தயிரில் கலந்தால் பச்சடி. சைவம் சாப்பிடுபவர்கள் உணவகத்தில் கிரீன் சிலி சாஸ் கேட்கும்போது பன்றி இறைச்சி சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சேர்ப்பது இங்கே வழக்கம்.

10. மூட்டை வேண்டாம், கொஞ்சம் போதும் என்பவர்களுக்கு

இரண்டு மூன்று பவுண்டு என்றால் வீட்டிலேயே சுடலாம். ஒவ்வொரு காயிலும் சிறிய கீறல் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஆவி அடைத்து வெடிக்கும். கேஸ் அடுப்பின் நேர்த்தீயில் திருப்பித் திருப்பிச் சுடலாம், அல்லது ஓவனில் மேலிருந்து அனல் வரும் பிராய்லரில் வைத்துத் தோல் கொப்பளிக்கும் வரை சில நிமிடங்கள். பிறகு ஈரத்துணி மூடி ஆறவிட்டு உரியுங்கள். சன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும். வெளியில் இனிக்கும் அதே மணம் மூடிய அடுக்குமாடி வீட்டுக்குள் இருமலை வரவழைக்கும், புகை அலாரமும் அலறும். பால்கனியில் கிரில் வைக்க நினைத்தால் முதலில் வாடகை ஒப்பந்தத்தைப் படியுங்கள். பல குடியிருப்புகளில் அதற்குத் தடை உண்டு, அபராதமும் போடுவார்கள்.

11. வெளியூர் கொண்டுபோவது

உள்நாட்டு விமானத்தில் கெட்டியாக உறைந்த பைகளைக் கொண்டுபோகலாம். கைப்பையில் என்றால் மிளகாயும் பனிப்பொதிகளும் சோதனையின்போது கல்லாக இருக்க வேண்டும், இளகிச் சாறு தேங்கியிருந்தால் திரவமாகக் கணக்கிட்டு எடுத்துவிடுவார்கள். செக்-இன் பெட்டியில் போடுவது நிம்மதி. உலர்பனி வைப்பதானால் விமான நிறுவனத்திடம் முன்பே சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும், ஒருவருக்கு 2.5 கிலோதான் வரம்பு. காரில் கலிஃபோர்னியாவுக்குப் போகிறவர்களை மாநில எல்லையில் வேளாண் சோதனைக்காக நிறுத்துவார்கள், பச்சைக் காய் இருந்தால் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

இந்தியாவுக்குப் பச்சை மிளகாயாக எடுத்துப்போக முயல வேண்டாம். தாவரச் சுகாதாரச் சான்றிதழ், இறக்குமதி அனுமதி என்று காகிதங்கள் வேண்டும், ஒரு பைக்காக அதெல்லாம் நடக்காது. ஊரில் யாருக்காவது கொடுக்க ஆசையென்றால் கடையில் முத்திரையோடு வரும், இம்மாநிலத்துச் சிமாயோ ஊரின் சிவப்பு மிளகாய்த் தூள் பொட்டலம் வாங்கிக்கொண்டு, சுங்கத்தில் கேட்டால் மறைக்காமல் காட்டுங்கள்.